சோம்பல் அன்று, நோய்



நம் பள்ளிகளில் ஒரு மாணவனைப் பற்றி மிக எளிதாகச் சொல்லப்படும் சொல் எதுவென்று என்னைக் கேட்டால், ‘சோம்பேறி’ என்பேன். வீட்டுப்பாடம் முடிக்கவில்லையா? சோம்பேறி. காலைச் சபைகூடலில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டானா? சோம்பேறி. உடற்கல்வி நேரத்தில் மரத்தடியில் ஒதுங்கினானா? சொல்லவே வேண்டாம். திருக்குறளில் ‘மடியின்மை’ என்று 61ஆவது அதிகாரம் இருக்கிறது. அதை நாம் விரும்பிக் கற்பிக்கிறோம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால், அதே நூலில் 95ஆவதாக ‘மருந்து’ என்றோர் அதிகாரமும் உண்டு. மடி எது, நோய் எது என்று பிரித்தறியும் பொறுப்பு நம்முடையது.

அந்தப் பொறுப்பைப் பற்றி எழுதும் தகுதியை எனக்குத் தந்தது நான் பயின்ற ஆசிரியர் பயிற்சிக் கழகம் அன்று. என் உடன்பிறந்த தம்பி தந்தான். அவனுடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறேன். பெயரை மட்டும் தவிர்த்துக்கொள்கிறேன்.

ஆண்டுதோறும் மே 16ஆம் நாளை நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு நான்கு நாள் முன்னதாக, மே 12ஆம் நாள், உலகச் செவிலியர் தினம். அது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820இல் பிறந்த நாள் என்பதை நம் மாணவர்கள் அறிவர். அதே நாள்தான் நாள்பட்ட களைப்பு நோயின் விழிப்புணர்வு நாளாகவும் 1992 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைப் பலர் அறியார். கிரிமியப் போர்க்களத்தில் 1855இல் கடுங்காய்ச்சலுற்ற அந்த அம்மையார், நாடு திரும்பிய பின்னர்ப் பல ஆண்டுகள் படுக்கையிலேயே கழித்தார். மருத்துவமனைச் சீர்திருத்தம் பற்றிய அவருடைய எழுத்துகளில் பெரும்பகுதி படுக்கையிலிருந்து எழுதப்பட்டவை. விளக்கேந்திய மங்கையைப் பாடநூலில் காட்டும் நாம், படுக்கையில் கிடந்த மங்கையைக் காட்டுவதில்லை.

தம்பியின் கதை

நாங்கள் செந்தூலில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா இரயில்வே பட்டறைத் தொழிலாளி. செந்தூலின் பழைய குடும்பங்களில் பலவற்றுக்கு அந்தப் பட்டறைதான் சோறு போட்டது. இன்று பட்டறை இல்லை, அப்பாவும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் அம்மா, தம்பி, நான், என் கணவர், என் மகள் என ஐவர் வாழ்கிறோம். தங்கை திருமணமாகிக் கிள்ளானில் இருக்கிறாள்.

தம்பி ஏர்கோன் பழுதுபார்ப்பவன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடுகள் ஏறி இறங்குவான். தோளில் ஏணி, கையில் கருவிப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்பந்து. மாலையில் நண்பர்களோடு மாமாக் கடை. வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

2015ஆம் ஆண்டு மலேசியாவில் டெங்கிக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு 120,836 பேர் நோயுற்றனர். 336 பேர் இறந்தனர். நோயுற்றோரில் ஒருவன் என் தம்பி. அப்போது அவனுக்கு வயது 29. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தான். இரத்தத் தட்டணுக்கள் இறங்கி, பிறகு ஏறின. வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்’ என்றார்கள். பெரும்பாலோர்க்கு அவ்வாறுதான் சரியாகிவிடுகிறது.

இவனுக்குச் சரியாகவில்லை. மூன்றாம் வாரம் வேலைக்குச் சென்றான். முதல் நாள் நன்றாகவே இருந்தான். மறுநாள் மாலை படுத்தவன், நான்கு நாள் எழவில்லை. மீண்டும் சென்றான், மீண்டும் விழுந்தான். பத்து மணி நேரம் தூங்கினாலும், இரவு முழுவதும் மூட்டை சுமந்தவன் போல எழுவான். குளித்துவிட்டு வந்தால் தலைதுவட்டக் கை தூக்க முடியாது. எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கும், கண் இருளும். நாளிதழில் ஒரு செய்தியைப் படித்து முடிக்கும்போது அதன் தொடக்கம் மறந்து போயிருக்கும்.

அந்த ஆண்டு அவனுக்குத் திருமண நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் ஓராண்டுக்கு மேல் பொறுத்தார்கள். பின்னர், அவளுடைய தந்தை நேரில் வந்து மோதிரத்தைத் திருப்பித் தந்தார். கண் கலங்கித்தான் தந்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி அந்த மோதிரத்தை அம்மாவிடம் கொடுத்து, “அரிசி டின்ல போடாதீங்கம்மா, எலி தூக்கிட்டுப் போயிடும்” என்று சிரித்தான். அன்று அவன் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

பெயர் இல்லாத நோய்

இரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம், தைராய்டு, இதய வரைபடம் என எல்லாப் பரிசோதனைகளும் செய்யப்பட்டன. எல்லாமே ‘நார்மல்’. நோயாளிக்கு மகிழ்ச்சி தரவேண்டிய அச்சொல், இந்நோயாளிக்கு மட்டும் தண்டனையாகிவிடுகிறது. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால் உடம்பில் ஒன்றுமில்லை. உடம்பில் ஒன்றுமில்லை என்றால் மனத்தில் ஏதோ கோளாறு. மனத்திலும் கோளாறில்லை என்றால் சோம்பேறி. ஏணிப்படி போல இறங்கி வந்து அச்சொல்லில்தான் நிற்பார்கள்.

ஒருவர் ‘காலையில் ஓடு’ என்றார். ஒருவர் ‘கண்ணேறு’ என்றார். ஒரு மருத்துவர் ‘மெல்ல மெல்ல நடையைக் கூட்டு, உடம்பு பழகிவிடும்’ என்றார். தம்பி கீழ்ப்படிந்தான். முதல் வாரம் பத்து நிமிடம், இரண்டாம் வாரம் பதினைந்து, மூன்றாம் வாரம் இருபது. ஐந்தாம் வாரம் கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். அந்தச் சரிவிலிருந்து மீள எட்டு மாதங்கள் ஆயின.

அப்பாவின் திதியன்று உறவினர் கூடியிருந்தபோது, அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எல்லாரும் கேட்கும்படி, “ஆம்பளப் பிள்ள இப்படி படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா?” என்றார். உள்ளறையில் படுத்திருந்தவன் காதில் அது விழுந்தது. பெண்ணுக்கு இந்நோய் வந்தால் ‘நடிக்கிறாள்’ என்பார்கள். ஆணுக்கு வந்தால் ‘உழைக்கப் பயப்படுகிறான்’ என்பார்கள்.

2017ஆம் ஆண்டு ஓர் அரசாங்க மருத்துவமனையின் இளம் மருத்துவர் ஒருவர்தான் கணினியைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: “வேலை செய்த அன்று களைக்கிறதா, மறுநாள் களைக்கிறதா?” தம்பி, “மறுநாள், சில சமயம் அதற்கும் மறுநாள்” என்றான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து கதையைக் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்நோயின் சாவி.

அதன் பெயர் நாள்பட்ட களைப்பு நோய்க்குறி. ஆங்கிலப் பெயர் குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம். மயால்ஜிக் என்செஃபலோமையலைட்டிஸ், சுருக்கமாக எம்.இ., என்பது அதன் பழைய பெயர். இன்று இரண்டையும் சேர்த்தே வழங்குகிறார்கள்.

2015இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, இந்நோயை அறிய எளிய அளவுகோலைத் தந்தது. முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்குக் களைப்பு ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். உழைப்புக்குப் பின் எல்லா அறிகுறிகளும் மோசமடைய வேண்டும். தூங்கியும் புத்துணர்ச்சி பிறக்கக்கூடாது. இம்மூன்றோடு, சிந்தனை மங்கல், நிமிர்ந்து நிற்பதால் ஏற்படும் உபாதை ஆகிய இரண்டில் ஒன்றேனும் இருக்க வேண்டும். உழைப்புக்குப் பிந்தைய சரிவு பெரும்பாலும் 12 மணி முதல் 48 மணி நேரம் கழித்தே வரும். நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். உடலுழைப்பு மட்டும் அன்று. நீண்ட உரையாடலும், கவலையும், கணக்குப் பார்ப்பதும்கூட அதைக் கொண்டுவரும்.

இந்நோயை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்பதும், பிற நோய்களை விலக்குவதுமே வழி. ஆகவே, கேட்கத் தெரிந்த மருத்துவர் கிடைப்பது பெரும்பேறு.

நம்பப்படாதவர்களின் வரலாறு

பெயர் தெரிந்த அன்றிரவே நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டில் நடந்தது உலகெங்கும் நடந்திருப்பது புரிந்தது.

1955ஆம் ஆண்டு இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் 292 ஊழியர்கள் அடுத்தடுத்து நோயுற்றனர். மருத்துவர்களும் செவிலியர்களும் அவர்களுள் அடக்கம். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட நேர்ந்தது. மறு ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழின் தலையங்கம் வழியே எம்.இ. என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. 1969இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால், 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், பழைய மருத்துவக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு, பாதிக்கப்பட்ட ஒருவரையும் நேரில் காணாமல், ராயல் ஃபிரீயில் நடந்தது கூட்டு மனப்பதற்றம் என்று எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று! 1988இல் அமெரிக்காவில் ‘களைப்பு’ என்னும் சொல்லையே பெயராக வைத்தபோது, நோயின் கடுமை மேலும் மறைந்து போனது. களைப்பு யாருக்குத்தான் இல்லை?

எங்கள் தம்பிக்குச் சொல்லப்பட்ட ‘மெல்ல மெல்ல நடையைக் கூட்டு’ என்னும் அறிவுரைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனில் 641 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனநடத்தைப் பயிற்சியும் பலன் தருவதாகக் கூறியது. நோயாளிகள் அதனை ஏற்கவில்லை. ஆய்வின் நடுவே முன்னேற்றத்தை அளக்கும் முறை மாற்றப்பட்டதை அவர்களும் பிற ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டினர். பல ஆண்டுப் போராட்டத்திற்குப் பின், 2021 அக்டோபரில் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு தன் வழிகாட்டியைத் திருத்தியது. நிலையான அளவில் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சித் திட்டத்தை இந்நோயாளிகளுக்கு வழங்கக்கூடாது என்றது. தம்பிக்கு இச்செய்தியை வாசித்துக் காட்டினேன். “அப்ப நான் ஒழுங்காத்தான் விழுந்திருக்கேன்” என்றான்.

உடம்பில் ஒன்றுமில்லை என்ற பேச்சும் மெல்ல மாறி வருகிறது. 2024 ஜனவரியில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், நெடுங்கோவிட் நோயாளிகளைச் சிறிது நேரம் மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்து, முன்னும் பின்னும் தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தனர். உழைப்புக்குப் பின் தசைகளில் சேதம் மிகுந்திருந்ததையும், தசைகளின் ஆற்றல் உற்பத்தி குன்றியதையும் கண்டனர். 2025 ஆகஸ்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக் குழு, 15,579 எம்.இ. நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய எட்டு மரபணுப் பகுதிகளை முதற்கட்ட முடிவாக அறிவித்தது. இவை மருந்து அல்ல. ஆனால், ‘நடிப்பு’ என்று சொல்வோர்க்கு விடை.

நம் ஊரில், நம் அக்கம்பக்கத்தில்

இது வெள்ளைக்காரர் நோய் என்று நினைப்போர் உண்டு. 2007இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், டெங்கியிலிருந்து மீண்ட 127 பேரில் நான்கில் ஒரு பங்கினர் காய்ச்சலுக்குப் பிந்தைய களைப்பால் அவதியுற்றது தெரிந்தது. ஹாங்காங்கில் சார்ஸ் நோயிலிருந்து பிழைத்த 233 பேரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, 40 விழுக்காட்டினர் நீங்காத களைப்பைக் கூறினர். 27 விழுக்காட்டினர் நாள்பட்ட களைப்பு நோயின் வரையறைக்குள் வந்தனர். ஆஸ்திரேலியாவில் மூவகைத் தொற்றுகளுக்கு ஆளான 253 பேரைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒருவருக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகும் நோய் நீடித்தது. அம்மூன்றில் ஒன்று கொசுவால் பரவும் கிருமி. கிருமி எதுவாயினும், ஒரு சிலரின் உடல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

பின்னர் கோவிட் வந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நாடு அடங்கியபோது, நாங்கள் எல்லாரும் தம்பியின் வாழ்க்கையை வாழத் தொடங்கினோம். வீட்டுக்குள் அடைபட்டிருப்பது எப்படி என்று அப்போதுதான் உறவினர்க்கு விளங்கியது. தொற்றிலிருந்து மீண்ட பலர் களைப்பிலிருந்து மீளவில்லை. 2021இல் நம் சுகாதார அமைச்சு, கோவிட்டுக்குப் பிந்தைய நோயாளிகளைக் கவனிக்கும் நெறிமுறையை வெளியிட்டது. அவர்களுள் ஒரு பகுதியினரின் அறிகுறிகள் எம்.இ. நோயின் அறிகுறிகளே. அமெரிக்காவில் 2021, 2022ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 1.3 விழுக்காட்டினர் தமக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியுள்ளனர்.

எங்கள் மாமாவுக்கும் கோவிட் வந்தது. ஐந்து மாதம் மாடிப்படி ஏற முடியாமல் தவித்தார். ஒருநாள் தொலைபேசியில் தம்பியைக் கூப்பிட்டு, “ஐயா, நீ எப்படிடா இத்தன வருசம்...” என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டார். அதன் பிறகு திதிக்கு வரும்போதெல்லாம் முதலில் உள்ளறைக்குச் சென்று அவன் பக்கத்தில் சற்று நேரம் அமர்ந்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

வீட்டில் நாங்கள் செய்வது

இதுபோன்ற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும் என்பதால், எங்களுக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

செந்தூல் தீமோர் நிலையத்தில் எல்ஆர்டி ஏறும்போது ‘டச் அண்ட் கோ’ அட்டையைத் தட்டுகிறோம் அல்லவா? அட்டையில் பணம் இருந்தால் கதவு திறக்கும். நமக்கெல்லாம் இரவு தூங்கினால் அட்டை நிறைந்துவிடுகிறது. தம்பியின் அட்டையில் இரவில் நிறைவது ஐந்தே வெள்ளி. குளிக்க ஒரு வெள்ளி, பல் துலக்கி முகம் கழுவ அரை வெள்ளி, விருந்தினரோடு பேச இரண்டு வெள்ளி. ஐந்துக்கு மேல் ஆறாவது வெள்ளியைச் செலவழித்தால், அபராதமாக அடுத்த நாட்களின் பணமும் பறிபோகும். ஆகவே, நாலரை வெள்ளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். களைத்த பின் ஓய்வெடுப்பது அன்று. களைக்கும் முன்னரே ஓய்வெடுப்பது. மருத்துவத்தில் இதனை ‘பேசிங்’ என்கிறார்கள். நாங்கள் ‘வரவுக்குள் செலவு’ என்கிறோம்.

இதனால் வீட்டின் ஒழுங்கே மாறியது. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். அன்றாடம் குளிப்பது மாறி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. தண்ணீர்ப் புட்டி, மருந்து, கைப்பேசி, காது அடைப்பான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். நிற்கும்போது வரும் படபடப்புக்கு மருத்துவர் சொன்னபடி தண்ணீரும் உப்பும் சற்று அதிகம். காலுக்கு இறுக்கமான உறை. இதனை எல்லாரும் செய்யக்கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். தீபாவளி முன்னிரவில் பட்டாசுச் சத்தம் தொடங்குமுன் அவன் அறையின் சன்னல்களை மூடிவிடுவோம். மின்தூக்கி பழுதாகும் நாளில் அவனுடைய மருத்துவச் சந்திப்பை ஒத்திவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்பது மாடி இறங்குவது அவனுக்கு ஒரு மாதச் செலவு.

‘இன்றைக்கு எப்படி இருக்கு?’ என்று அம்மா நாளுக்குப் பத்து முறை கேட்பார். அதற்கு விடை சொல்வதும் செலவுதான் அல்லவா? என் மகள் அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள் வரைந்து கதவில் மாட்டினாள். சிவப்பு வட்டம் தொங்கினால் யாரும் கதவைத் தட்டமாட்டோம். அம்மாவுக்கு முதலில் அது மனவருத்தம். பெற்ற பிள்ளையிடம் பேசச் சிக்னல் விளக்கா என்றார். இப்போது சிவப்பு என்றால் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிவிடுவார்.

செலவு குறைப்பதே வாழ்க்கையாகிவிடக்கூடாது என்பதும் முக்கியம். தங்கை மகளின் திருமணம் சென்ற ஆண்டு கிள்ளானில் நடந்தது. போகவேண்டும் என்று தம்பி முடிவு செய்தான். பத்து நாள் முன்பிருந்தே சேமித்தான். மகிழுந்தில் இருக்கையைச் சாய்த்துப் படுத்தே வந்தான். மண்டபத்தில் நாற்பது நிமிடம் இருந்தான். தாலி கட்டுவதைப் பார்த்து அட்சதை போட்டான். அதன்பின் பதினொரு நாள் சிவப்பு வட்டம். ‘இவ்வளவு கஷ்டப்பட்டுப் போகணுமா?’ என்று நான் கேட்டதற்கு, “தெரிஞ்சு குடுத்த காசுக்கா. ஏமாந்து போன காசு இல்ல” என்றான்.

அடுத்தது பணம். அரசாங்க ஊழியரான எனக்கு மருத்துவச் சலுகை உண்டு, அது என் கணவர், பிள்ளை, பெற்றோர்க்கும் செல்லும், உடன்பிறந்தவனுக்குச் செல்லாது. இருப்பினும், அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, சிறப்பு மருத்துவருக்கு ஐந்து வெள்ளி என்பதால் பிழைத்தோம். தம்பி வேலை செய்தபோது சொக்சோவுக்குச் சந்தா கட்டியிருந்தான். நலமுள்ள ஒரு தொழிலாளி வழக்கமாக ஈட்டும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாதவர்க்கு அங்கே இயலாமை ஓய்வூதியத் திட்டம் உண்டு. விண்ணப்பித்தோம். மருத்துவ வாரியத்தின்முன் எங்களுக்குத் துணை நின்றது ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம். பதினான்கு மாதங்கள், நாள்தோறும் எழுந்த நேரம், செய்தது, மறுநாள் விளைவு என மூன்றே கட்டங்களில் நான் எழுதிவைத்த குறிப்பு. ஓய்வூதியம் கிடைத்தது. பரிசோதனைத் தாள் பேசாத நோய்க்கு நாட்குறிப்புதான் வாய்.

கவனித்துக்கொள்பவரைப் பற்றியும் ஒரு சொல். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை கிள்ளானிலிருந்து வந்துவிடுவாள். அன்று நானும் கணவரும் வெளியே போவோம். பெரிதாக ஒன்றுமில்லை, கோயில், சந்தை, ஒரு கோப்பைத் தே தாரிக். அம்மாவுக்கு வயது 73. எனக்கும் ஐம்பது நெருங்குகிறது. இது நூறு மீட்டர் ஓட்டம் அன்று. கைமாற்றிக் கைமாற்றி ஓடவேண்டிய அஞ்சல் ஓட்டம். அம்மாவுக்குப் பின், எனக்குப் பின் யார் என்னும் கேள்வியைத் தம்பியே ஒருநாள் எடுத்தான். என் மகளும் தங்கை மக்களும் உட்கார்ந்து பேசினோம். அவனுக்கென்று ஒரு சேமிப்பும், ஆண்டுக்கொருமுறை எல்லாரும் கூடிக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடும் உருவாயின. பேசத் தயங்கும் பேச்சுதான். பேசிய பின் அவன் நன்றாகத் தூங்கினான்.

அவனும் சும்மா இல்லை. பச்சை வட்ட நாளில் படுத்தவாறே அக்கம்பக்கத்தாரின் மின்விசிறியைப் பிரித்து மாட்டுவான். என் முதலாம் ஆண்டு வகுப்பின் எழுத்து அட்டைகள் அனைத்தும் அவன் வெட்டியவை. பத்து நிமிடம் வெட்டுவான். அரை மணி கண்மூடுவான். ‘ழ’ அட்டைக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். வளைவு சரியாக வரவில்லையாம்!

வகுப்பறைக்கு வருவோம்

சிறுவர்க்கும் இந்நோய் வரும். இங்கிலாந்தின் பாத் நகர வட்டாரத்தில் மூன்று பள்ளிகளில் பயின்ற 2,855 மாணவர்களின் வருகையை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வந்தது. அடிக்கடி வராத பிள்ளைகளை வரவழைத்துச் சோதித்ததில் 28 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஒருவருக்கு, இந்நோய் இருந்தது. அவர்களில் 23 பேருக்கு அதுவரை நோயென்றே யாரும் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் வெறும் ‘வராதவர்கள்’.

ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டை நாள்தோறும் கையில் வைத்திருப்பவர்கள் நாம். மருத்துவர் பார்க்குமுன் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. நான் கவனிப்பவை இவை: முன்பு துடிப்பாக இருந்த பிள்ளை காய்ச்சலுக்குப் பின் மாறிவிட்டதா? விளையாட்டுப் போட்டி நாளில் நன்றாக இருந்து, மறுநாளும் மறுமறுநாளும் வராமல் போகிறதா? சபைகூடலில் நிற்கும்போது முகம் வெளுக்கிறதா? விரும்பிச் செய்தவற்றையும் விட்டுவிட்டதா? இறுதிக் கேள்விதான் முக்கியம். சோம்பல் கொண்ட பிள்ளை கணக்கை விட்டுவிட்டுக் காற்பந்துக்கு ஓடும். நோயுற்ற பிள்ளை காற்பந்தையும் விட்டுவிடும், விட்டுவிட்டு அழும்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் வகுப்பில் அப்படியொரு மாணவி இருந்தாள். டெங்கிக்குப் பிறகு வாரத்தில் இரு நாள் வரமாட்டாள். பெற்றோரை அழைத்துப் பேசி, மருத்துவரிடம் அனுப்பினோம். தலைமையாசிரியரின் இசைவோடு நான்கு மாதங்கள் சில ஏற்பாடுகள் செய்தோம். சபைகூடலில் நாற்காலி. உடற்கல்வியில் ஓட்டத்திற்குப் பதில் புள்ளி எழுதும் பணி. வீட்டுப்பாடத்தில் பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று. ஓய்வு நேரத்தில் படுக்க ஒரு பாய். வராத நாளுக்குக் காரணக் கடிதம் கேட்டுத் துன்புறுத்தாமல், மருத்துவச் சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டோம். அவள் எட்டு மாதங்களில் மீண்டாள். பெரியவர்களில் முழுமையாகக் குணமடைவோர் குறைவு. சிறுவர்களுக்கு மீளும் வாய்ப்பு அதிகம். வருத்தி ஓடவைக்காமல் இருந்தால் அந்த வாய்ப்பைக் கெடுக்காமல் இருக்கிறோம்.

பெற்றோர்களே, காய்ச்சல் விட்ட பிள்ளையை மறுநாளே டியூஷனுக்கு அனுப்பாதீர்கள். சில வாரம் மெல்லப் போகட்டும். மூன்று மாதமாகியும் களைப்பு நீங்கவில்லையென்றால், ‘உழைத்த மறுநாள் என்ன ஆகிறது’ என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு மருத்துவர் கேட்கவில்லையென்றால் இன்னொருவரிடம் செல்லுங்கள். குணப்படுத்தும் மருந்து என்று யாரேனும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் புட்டி விற்றால் வாங்காதீர்கள். அப்படியொரு மருந்து இன்னும் வரவில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் படுத்திருந்தால், அவருக்கு அறிவுரை சொல்லுமுன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, ஆண்டிறுதி அறிக்கை அட்டையில் ‘சோம்பல்’ என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, அந்தப் பிள்ளையின் வருகைப் பதிவை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இரண்டே நிமிடம். நமக்கு அது பெரிய செலவன்று.